காதுல விழாமச் சொல்ற துஆ

எங்க வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு வரி சொல்லணும்னு ஆசை. "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுத்தேன்." அவ்வளவுதான். நாலு பேர் நடுவுல, மாப்பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு, பெத்தவன்ங்கிற முறையில சொல்லணும். பொண்ணப் பெத்த எத்தனையோ பேர் கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்லிட்டுப் போற வரி. இவருக்கு அதுக்கு மூணு மாசம் பாடம் நடந்துச்சு. பாடம் எடுத்தவ நான். அதனால நடந்ததச் சொல்ற உரிமையும் எனக்குத்தான். வேற யாராவது வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க. முக்கியமா என் சம்பந்தியம்மா.

இவர் பாய்லர்காரர். பெரிய சலவைக்கூடம் ஒன்னு, அதுல நாங்க ரெண்டு பேருமே வேலை. ஆஸ்பத்திரிலேர்ந்தும் ஓட்டல்லேர்ந்தும் விரிப்பு, தலையணை உறை, துண்டுன்னு மூட்டை மூட்டையா வந்து இறங்கும். அதத் துவைக்கிறதுக்கும் காய வைக்கிறதுக்கும் தேய்க்கிறதுக்கும் நீராவி வேணும். அந்த நீராவியக் கிளப்பி குழாய்ல அனுப்புறது இவர் வேலை. கிழிஞ்சு வர்ற விரிப்பத் தச்சுக் கொடுக்கிறது என் வேலை. மெஷின் ஓடுற கூடத்துல பக்கத்துல நின்னு கத்தினாலும் ஒன்னும் கேக்காது. அதனால அங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் வாயப் பாத்தே பேசிக்குவோம். இந்த முனையில நான் உதட்ட அசைச்சா அந்த முனையில விரிப்பு மடிக்கிறவ சிரிப்பா. மேஸ்திரிய அவர் முன்னாடியே வச்சுத் திட்டுவோம், அவரும் தலையாட்டிட்டுப் போவார். இவருக்கு அந்தக் கலை தெரியாது. பாய்லர் ரூம் தனி, அங்க இவர் ஒரு ஆள்தான், யார் வாயப் பாக்கிறது?

அப்பல்லாம் இவர் அழகு. புருஷன்ங்கிறதுக்காகச் சொல்லல. தாடிய ஒதுக்கிச் சீவிக்கிட்டு வெள்ளச் சட்டையில தெருவுல நடந்தா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைன்னுதான் தெரியாதவங்க நெனப்பாங்க. பக்தியும் ஜாஸ்தி. எதுக்கெடுத்தாலும் அல்லாஹ்கிட்ட ஒரு துஆ, ஒரு வேண்டுதல்: செருப்பு மாட்ட ஒரு துஆ, கண்ணாடி பாக்க ஒரு துஆ, மழைக்கு ஒன்னு, தும்மலுக்கு ஒன்னு. எங்களுக்கு ஒரே பொண்ணு. அவளுக்கு ஸ்கூல் பாட்டு வர்றதுக்கு முன்னாடியே துஆ வந்துடுச்சு. எல்லாம் இவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

அதுல ஒரு துஆவப் பத்தி மட்டும் நான் சொல்லியாகணும். கஷ்டப்படுற ஒருத்தரப் பாத்தா, கையில்லாதவங்க, காலில்லாதவங்க, தீராத வியாதிக்காரங்க யாரப் பாத்தாலும், நாம மனசுக்குள்ள சொல்லிக்கிறது. "உன்னப் பிடிச்ச சோதனையிலேர்ந்து என்னைக் காப்பாத்தின அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். படைச்சதுல எத்தனையோ பேர விட என்னை மேலா வச்சானே." அரபியில சொல்லணும். இதச் சொன்னவங்களுக்கு ஆயுசுக்கும் அந்தச் சோதனை வராதுன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு ஒழுங்கு இருக்கு. சத்தமாச் சொல்லக்கூடாது. அந்த ஆள் காதுல விழக்கூடாது, விழுந்தா அவர் மனசு நோகும்.

சலவைக்கூடத்து வாசல்ல வாட்ச்மேன் ஒருத்தர் இருந்தார். ஒரு கால் சூம்பிப் போய் இழுத்து இழுத்து நடப்பார். பொண்ண ஸ்கூல்ல விடப் போகும்போது இவர் தினமும் அந்த வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு, அவ கையப் பிடிச்சுக்கிட்டு இந்த துஆவச் சொல்லிக் கொடுப்பார். அவளுக்கு அஞ்சு வயசு. ஒரு நாள் வாட்ச்மேன நேராப் பாத்து, ஸ்கூல்ல பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, உச்சக் குரல்ல முழுசாச் சொல்லிட்டா. இவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவ வாயப் பொத்தி, "மெதுவாம்மா, மெதுவா, அவங்களுக்குக் கேக்கக் கூடாது"ன்னார். வாட்ச்மேனுக்கு அரபி தெரியாது, குழந்தை பாடுதுன்னு கை தட்டினார். அந்த துஆவச் சொல்லி முடிச்சதும் இவர் தன் ரெண்டு காலையும் ஒரு தடவ குனிஞ்சு பாத்துக்குவார். அதுல ஒரு நிம்மதி இருக்கும். தப்புன்னு சொல்லல. நானும் அதே ஆள்தான்.

பொண்ணுக்குப் பதினோரு வயசானப்ப நீராவிக் குழாய் வெடிச்சது. வால்வு கசியுதுன்னு இவர் மூணு தடவ சொல்லியிருந்தார். பாக்கலாம்னாங்க. காலையில பத்து மணிக்கு, இவர் வால்வுகிட்ட குனிஞ்சு நிக்கும்போது வெடிச்சது. சத்தத்துல ரெண்டு காதும் போச்சு. நீராவியில முகம் போச்சு. கையத் தூக்கி மூடிக்கக்கூட நேரமில்ல.

ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிச்ச அன்னைக்கு நான் கட்டில் பக்கத்துல நின்னேன். நர்ஸ் துணிய ஒவ்வொரு சுத்தா எடுத்தா. இடது கண்ணு தொறந்து என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. மூக்கு இருந்த இடம், உதட்டோட ஒரு ஓரம், தாடியில பாதி, எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டி இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. அப்ப என் வாய் என்னைக் கேக்காமலே அசைஞ்சது. குணப்படுத்து ரப்பே, என் இறைவான்னு கேட்டிருக்கலாம். இவர் மேல இரக்கம் காட்டுன்னு கேட்டிருக்கலாம். நான் அந்த துஆவச் சொன்னேன். உன்னப் பிடிச்ச சோதனையிலேர்ந்து என்னைக் காப்பாத்தினவனுக்கே புகழ்னு, கட்டின புருஷன் முகத்தப் பாத்துச் சொன்னேன். பொண்டாட்டி சொல்ற வார்த்தையா அது? சத்தம் வரல, உதடு மட்டும்தான் அசைஞ்சது. இவருக்குத்தான் காது போயிடுச்சே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு நான் அத அப்பவே முழுங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாசம் பேப்பர்ல எழுதி எழுதிக் காட்டினோம். இவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள எனக்குப் பொறுமை போயிடும். நான் மூக்குக்கு மேல கோவம் வர்ற ஜாதி. ஒரு நாள் பென்சிலத் தூக்கிப் போட்டுட்டு, எதிர்ல உக்காரவச்சு, "என் வாயப் பாருங்க"ன்னேன். என்ன சொல்லிக் கொடுக்கிறது? இவருக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச வார்த்தையிலேர்ந்து ஆரம்பிச்சாத்தானே உதட்டுல அது எப்படி வருதுன்னு புரியும். அதனால துஆவையே எடுத்துக்கிட்டேன். தொழும்போது நெத்தி தரையில பட விழுற ரெண்டு சஜ்தாவுக்கு நடுவுல உக்காந்து கேப்போமே, என்னை மன்னிச்சிடு, எனக்கு இரக்கம் காட்டு, எனக்கு வழி காட்டு, என்னைக் காப்பாத்துன்னு, அதான் முதப் பாடம். ஒவ்வொரு சொல்லா உதட்டுல காட்டுவேன். இவர் விரல என் உதட்டுல வச்சுப் பாத்து, சேருதா பிரியுதா, பல்லு படுதான்னு கத்துக்கிட்டார். ஒரு வருஷத்துல தமிழும் வந்துடுச்சு. ஆனா எல்லாத்தையும் விட துஆதான் நல்லா வந்துச்சு. எதிர்வீட்டு மாடியில ஒரு அம்மா துஆ கேட்டா, என்ன கேக்குறாங்கன்னு இவர் இங்கேர்ந்து சொல்லுவார்.

நான் செஞ்சது நல்லதுன்னு நெனச்சேன். என் தலையெழுத்து.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்தவர் செருப்பக் கழட்டாம வாசல்லயே நின்னார். "பதினொன்னு"ன்னார். இவருக்குத் தன் குரல் கேக்காதே, அதனால எது சொன்னாலும் தெருமுனை வரைக்கும் போகும். என்ன பதினொன்னுன்னு கேட்டேன். "பள்ளிவாசல் போய்ட்டு வர்றதுக்குள்ள பதினொரு பேர் என்னைப் பாத்து அந்த துஆவச் சொன்னாங்க. காப்பாத்தினாங்கிற இடத்துல ஆஃபானீங்கும்போது பல்லு கீழ் உதட்டுல படும். அப்புறம் உதடு சேரும், சேரும், மறுபடி சேரும். வேற எதுவும் அப்படி வராது." எல்லாரும் ஒழுங்கா, மரியாதையா, அவர் காதுல விழாமத்தான் சொல்லியிருக்காங்க. கண்ணுல விழக்கூடாதுன்னு எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிக் கொடுக்கலையே.

அதுக்கப்புறம் இவருக்கு ஒரு கிறுக்கு வந்துச்சு. யார் உதடாவது அப்படி அசைஞ்சா, நேரா அவங்க மூஞ்சியப் பாத்து, அப்படியே ஆகட்டும்ங்கிற மாதிரி "ஆமீன்"னு ஒரு போடு போடுவார். மருந்துக்கடையில ஒரு பொம்பளை கையிலிருந்த பாட்டிலக் கீழ போட்டா. ஒரு தாத்தா பஸ் ஸ்டாப்புலேர்ந்து எழுந்து அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போனார். பாதிப் பேர் இவர் மனசுல நெனக்கிறதப் படிக்கிற பெரிய ஆள்னு பயந்தாங்க, மீதிப் பேர் திமிர் பிடிச்சவன்னாங்க. ஆமீன் பாய்னு பேரே வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து யாரு எப்படித் துள்ளினாங்கன்னு நடிச்சுக் காட்டுவார். நானும் பொண்ணும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிச்சு முடிச்சதும் இவர் கொஞ்ச நேரம் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார்.

பள்ளிவாசல்லயும் இவர விடல. சஜ்தாவுல இவர் கேக்குற துஆ மொத்த வரிசைக்கும் கேக்குதாம். எனக்கு வழி காட்டு, இரக்கம் காட்டுன்னு இவர் கேட்டா மத்தவங்க கவனம் சிதறுதாம். கமிட்டிக்காரர் வந்து, கடைசி வரிசையில செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல தொழச் சொல்லிட்டுப் போனார். குழந்தைங்க வேற பயப்படுதுங்கன்னார். மைக்க வாய்க்குள்ள வச்சுக்கிட்டுக் கத்துற மனுஷன் அவர். நான் வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன், இவர்தான் கையமத்தினார். வேலையில பாய்லர எடுத்துட்டு, பின்னாடி ரூம்ல அழுக்கு விரிப்பு பிரிக்கிற இடத்துல போட்டாங்க. ரத்தமும் சீழும் ஒட்டியிருக்கிற ஆஸ்பத்திரித் துணி. அதத் தொடுறவருக்கு முகம் எதுக்குன்னு நெனச்சாங்க போல. வாசல்ல அந்த வாட்ச்மேன் மட்டும் இவரப் பாத்ததும் விழுந்து விழுந்து சிரிச்சு, "யோவ், நீ என்னைய விட மோசம்யா"ன்னார். இவரும் சிரிச்சார். அந்த வருஷத்துல வீட்டுக்கு வெளிய இவர் முகத்துக்கு நேராப் பேசினது அவர் ஒருத்தர்தான்.

இத்தனையையும் இவர் தாங்கினதுக்கு ஒரே காரணம் எங்க பொண்ணு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கே இவர் மடியில ஏறி உக்காந்து, சுருங்கின கன்னத்தத் தொட்டுப் பாத்து, "வலிக்குதா அத்தா?"ன்னு கேட்டா. வளந்த பிறகும் எதிர்ல வந்து நின்னு, முகத்தப் பாத்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவா. இவர் என்கிட்ட அடிக்கடி சொல்லுவார்: "உலகத்துலேயே இந்த ஒரு வாய்லதான் என்னைப் பாத்து அந்த துஆ வந்ததில்ல." அப்படிச் சொல்லும்போதெல்லாம் உன் வாய்லயும் வந்ததில்லன்னு அடுத்ததாச் சொல்லுவார்னு நான் காத்திருப்பேன். சொன்னதில்ல. ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் தோணாதுன்னு நான் விட்டுட்டேன்.

அவளுக்கு இருபத்திரெண்டு வயசுல சம்பந்தம் வந்துச்சு. அவ வேல பாக்குற ஆபீஸ்லேயே பையன், அவனே வீட்ல சொல்லி அனுப்பியிருந்தான். நல்ல பையன், அதுல குத்தமில்ல. அவன் அம்மாதான். பட்டுல வந்து உக்காந்து டீ கிளாஸ வாங்கினாங்க. இவர் உள்ளேர்ந்து வந்து ஸலாம் சொன்னார். அந்தம்மா உதடு அசைய ஆரம்பிச்சதுமே நான் கண்ணால இவர்கிட்ட கெஞ்சினேன். இவர் கேக்கணுமே. "ஆமீன்"னு போட்டார் ஒரு போடு. டீ பூராப் பட்டு மேல.

அப்படியும் சம்பந்தம் நின்னுச்சு, பையன் பிடிவாதம். ஆனா நிச்சயம் பேசும்போது அந்தம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க. "தப்பா நெனக்காதீங்க. நிக்காஹுக்கு உங்க கொழுந்தன் உக்காரட்டும். போட்டோ எடுப்பாங்க, பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க, மாசமா இருக்கிற பொண்ணுங்க வருவாங்க." பொண்ணக் கொடுக்கிற உரிமை பெத்தவனுக்குத்தான், அவன் விரும்பினா வேற ஆளுக்கு அந்தப் பொறுப்பக் கொடுக்கலாம். கொழுந்தன் உடனே, "அண்ணன் சொன்னா நான் ரெடி"ன்னார். கோட்டுக்கு அளவு கொடுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு அந்த அவசரம்.

இவர் எல்லார் வாயையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருந்தார். கடைசியில, "என் பொண்ணு சொன்னா எழுந்துக்கறேன். வேற யார் சொன்னாலும் முடியாது"ன்னார். அவ உள்ளேர்ந்து வெளிய வந்தா. வருங்கால மாமியார்னு பாக்கல. "எங்கத்தா உக்காரலன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்"னு, இவர் பக்கம் திரும்பி நின்னு, இவருக்குப் புரியிற மாதிரி நிறுத்திச் சொன்னா. இவர் அழுதார். வலது கண்ணுல தண்ணி வராது, இடது கண்ணுல மட்டும் வந்துச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சது பாடம். அந்த வரிய நடுக் குரல்ல சொல்லணும், அதிரவும் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. தன் நெஞ்செலும்புல கைய வச்சுக்கிட்டு, எவ்வளவு அதிர்ந்தா எவ்வளவு சத்தம்னு கத்துக்கிட்டார். நான் எதிர்ல நின்னு கைய ஏத்தி இறக்கிக் காட்டுவேன். மாப்பிள்ளைக்குப் பதிலா ஆணியில மாட்டின சட்டையோட கையப் பிடிச்சுக்குவார். அந்தச் சட்டைக்கு எங்க பொண்ண எழுபது எண்பது தடவ கட்டிக் கொடுத்திருப்பார். மூணாவது மாசம் ஒரு நாள் சாயங்காலம், "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுத்தேன்"னு சொன்னார் பாருங்க, வெடிக்கிறதுக்கு முன்னாடி இருந்த அதே குரல். நான் சமையல்கட்டுக்குள்ள போய் நின்னு அழுதேன். கைல கரண்டி இருந்துச்சு, எதுக்குன்னு ஞாபகமில்ல.

கல்யாணத்தன்னைக்குக் காலையில பதினோரு மணி. மண்டபத்து மாடியில பொண்ணு அலங்கார ரூம். சுவர் முழுக்கக் கண்ணாடி, அதச் சுத்தி வரிசையா பல்பு. அவ கண்ணாடியப் பாத்து உக்காந்திருந்தா, கதவு அவ முதுகுக்குப் பின்னாடி. நான் பக்கத்துல நின்னு முக்காட்டுக்கு ஊசி குத்திக்கிட்டிருந்தேன். கதவு தொறந்துச்சு. இவர் வந்து நின்னார். புதுச் சட்டை, தொப்பி, இருக்கிற பாதித் தாடியச் சீவி அத்தர் போட்டிருந்தார். கீழ போய் உக்காரறதுக்கு முன்னாடி மகளுக்கு ஒரு தடவ காட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கார்.

அந்த பல்பு வெளிச்சத்துல கண்ணாடிக்குள்ள ரெண்டு முகமும் ஒன்னா வந்துச்சு. பூவும் தங்கமுமா அவ முகம், அதுக்கு மேல இவர் முகம். அவ பாத்தா. பதினோரு வருஷமாப் பாத்துப் பழகினவதான். ஆனா அன்னைக்குக் கல்யாணப் பொண்ணு, மனசு பூராப் பயம், எனக்கு எல்லாம் நல்லபடியா அமையணுமேங்கிற தவிப்பு. அவ உதடு அசைஞ்சது. பல்லு கீழ் உதட்டுல பட்டுச்சு. அப்புறம் உதடு சேந்துச்சு, சேந்துச்சு, மறுபடி சேந்துச்சு. கெட்ட பொண்ணு இல்ல அவ. அஞ்சு வயசுல படிச்சது, அதுவா வந்துச்சு, என் வாய்ல வந்த மாதிரி. பின்னாடி நிக்கிற காது கேக்காத மனுஷனுக்கு எப்படித் தெரியப் போவுதுன்னு நெனச்சிருப்பா. கண்ணாடிய மறந்துட்டா.

நான் இவரப் பாத்தேன். இவர் கண்ணு கண்ணாடியில, அவ உதட்டு மேல இருந்துச்சு. முழுசாப் படிச்சு முடிச்சிட்டார். இப்ப வரும் அந்த ஆமீன், மண்டபமே அதிரப் போவுதுன்னு நான் ஊசியப் பிடிச்சபடி நின்னேன். வரல. இவர் உதடு மட்டும் ஒரு தடவ தொறந்து, சேந்து, பிரிஞ்சது. ஆமீன். கொஞ்சம்கூடச் சத்தமில்ல. அவளுக்குக் கேக்காம சொன்னார்.

அவ திரும்பி, சிரிச்சு, "அத்தா, நீங்கதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க"ன்னா. இவர் கிட்ட வந்து அவ தலையில கைய வச்சார். "ரப்பு உனக்கு வழி காட்டட்டும், உன் மேல இரக்கம் காட்டட்டும், எந்தச் சோதனையும் உன்னத் தொடாமக் காப்பாத்தட்டும்"னார். நான் மூணு மாசம் சொல்லிக் கொடுத்த அதே நடுக் குரல். அவ ஆமீன்னா. இவர் இறங்கிப் போயிட்டார்.

கொஞ்ச நேரத்துல ஸ்பீக்கர்ல ஹஜ்ரத் குரல் கேட்டுச்சு, அதுக்கப்புறம் கொழுந்தன் குரல். "என் அண்ணன் கொடுத்த பொறுப்புல, அவர் மகளை உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுத்தேன்." அவ என் கையப் பிடிச்சா. "அம்மா, இது சாச்சா குரல். அத்தா எங்க?" எனக்கென்ன தெரியும்னேன். தெரியும். உன் வாயத்தான் கேக்கணும்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கல்யாணப் பொண்ணுகிட்ட அதச் சொல்ல நான் என்ன பேயா? சம்பந்தியம்மா முகமெல்லாம் பல்லா உள்ள வந்து, "உங்க வீட்டுக்காரர் தானாப் புரிஞ்சுக்கிட்டாருங்க, நாங்க ஒன்னும் சொல்லல"ன்னாங்க. என் கைல அந்த ஊசி இன்னும் இருந்துச்சு. முக்காட்டுலயே குத்தினேன்.

பொண்ண அனுப்புற நேரம் அவ இவர் எதிர்ல வந்து நின்னா. "ஏன் அத்தா?"

"பயந்துட்டேம்மா. அத்தன பேரப் பாத்ததும் நாக்கு எழல."

"உங்களுக்காக நான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். எனக்காக ஒரு வரி சொல்ல முடியலையா?"

"முடியல"ன்னார்.

அவ முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. திருப்பிக்கிட்டு என்னமோ சொன்னா, வாய் தெரியாததால இவருக்கு அது புரியல. எனக்குக் கேட்டுச்சு. "கோழை"ன்னா. கார்ல ஏறினவ திரும்பிப் பாக்கல.

மத்தியானம் வீட்டுக்கு வந்து இவர் புதுச் சட்டையக் கழட்டி அதே ஆணியில மாட்டினார். நான் எதிர்ல உக்காந்தேன். எனக்குக் கோவம் உச்சந்தலையில நின்னுச்சு, யார் மேலன்னுதான் தெரியல.

"அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்ல? கண்ணாடியில பாத்தேன்னு."

"சொன்னா அவ தாங்குவாளா? அது நான் சொல்லிக் கொடுத்த துஆ. அவளுக்குப் பலிக்கட்டும்."

"சரி, அந்த வரியையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே. மூணு மாசம்."

"போட்டோல அவ பக்கத்துல என் மூஞ்சி இருக்கும். கண்ணாடியில ஒரு நிமிஷம் பாத்ததுக்கே அவளுக்கு உதறிடுச்சு. ஆயுசுக்கும் அத வீட்ல மாட்டி வச்சுப் பாக்கணுமா?"

சட்டையோட கை காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு. பதினோரு வருஷத்துல ஒருத்தி ஒரு தடவ வாய் தவறினதுக்கே இப்படி உடைஞ்சு போறீங்களேன்னு நான் கேட்டேன். இவர் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தார்.

"நீயும்தான் சொன்ன"ன்னார்.

"எப்போ?"

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கு."

என் கை தானா வாயப் பொத்திக்கிச்சு. இவர் மெதுவா அந்தக் கைய எடுத்து விட்டார். நான் அடுத்து என்ன சொல்றேன்னு பாக்கணுமே.

"அப்ப உங்களுக்கு வாயப் படிக்கத் தெரியாதே."

"தெரியாது. ஒரு கண்ணு தொறந்துதானே இருந்துச்சு. உதடு எப்படி அசைஞ்சதுன்னு ஞாபகம் வச்சிருந்தேன். நீ பாடம் எடுத்தப்ப என்னன்னு தெரிஞ்சது."

பத்து வருஷமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு இந்த மனுஷன் என் கூட ஒரே பாயில உக்காந்து, என் வாயப் பாத்து, என் ஜோக்குக்குச் சிரிச்சிருக்கார். நான் உதட்ட மட்டும் அசைச்சேன், இவருக்கு அது போதும்.

"ஊர்ல போற வர்றவங்களுக்கெல்லாம் ஆமீன் போட்டீங்களே. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னேன். உனக்குக் கேக்கல"ன்னார்.